சேலத்தில் இருந்தபடியே குணச்சித்திர நடிப்புக்குப் போவது எப்படி: காகிதம், செலவு, நாள் கணக்கு

அம்மாபேட்டையில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது அளவு கொடுத்துவிட்டு, "அக்கா, எங்க வீட்லயும் ஒருத்தர் நடிக்கணும்னு சொல்லிட்டிருக்கார், எப்படிப் போறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் நின்று சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபது வயதில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காக வீதி நாடகம் போட்டதோடு நடிப்பு நின்றுபோனது. நாற்பத்தொன்பதில் மறுபடி கிளம்பினேன். இதுவரை மூன்று படங்கள், இரண்டு சீரியல்கள். அம்மா, பெரியம்மா, ஆஸ்பத்திரி ஆயா, ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கதாநாயகன், கதாநாயகி ஆக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. பெயரும் வசனமும் உள்ள, கதையில் ஒரு வேலை செய்துவிட்டுப் போகிற வேடங்களுக்கு, அதாவது ஃபீல்டில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்று சொல்கிறார்களே, அதற்குத்தான் இந்த வழி. முதல் வருடத்தில் தெரியாத்தனத்தால் நான் 40,000 ரூபாயை இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

1. உங்கள் முகத்துக்கு என்ன வேலை என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஐந்து வேடங்களை எழுதுங்கள். "எல்லா வேடமும் செய்வேன்" என்று சொல்கிறவரை எந்த உதவி இயக்குநரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவர் கையில் இருக்கும் பட்டியலில் "விஏஓ, 50 வயது" "வட்டிக்கு விடுபவர்" "நர்ஸ்" "தறிக்காரர்" என்றுதான் இருக்கும். அந்த வரியைப் படிக்கும்போது உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் வரவேண்டும்.

நாம் நம்மைப் பற்றி நினைப்பது இதில் உதவாது. உங்களை அதிகம் தெரியாத மூன்று நான்கு பேரிடம், "என்னைப் பார்த்தால் என்ன வேலை செய்கிறவர் மாதிரி இருக்கிறது?" என்று கேளுங்கள். நான் கடைக்குப் புதிதாக வந்தவர்களிடம் கேட்டேன். "டீச்சர்", "கறாரான மாமியார்", "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்க" என்றார்கள். எனக்கு இதுவரை கிடைத்த வேடங்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் அடங்குகின்றன.

நரையை மறைக்காதீர்கள். சாயம் போட்ட முடியோடு ஐம்பது வயதுக்காரர் போனால், இளையவரும் இல்லை பெரியவரும் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். வழுக்கை, தொப்பை, முன்பல் இடைவெளி எல்லாம் இங்கே சரக்கு. வயது ஆகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெல்லி கணேஷ் இந்திய விமானப்படையில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, மேடை நாடகம் வழியாக 1977-இல்தான் சினிமாவுக்கு வந்தார். 2024-இல் மறையும் வரை அவருக்கு வேடம் இருந்துகொண்டே இருந்தது.

பேச்சையும் கணக்கில் எடுங்கள். நம் ஊர்ப் பேச்சு, மேட்டூர் எடப்பாடிப் பக்கத்துக் கொங்குப் பேச்சு, ஆத்தூர் பக்கத்துப் பேச்சு, இவற்றில் ஒன்றையாவது சுத்தமாகப் பேசத் தெரிந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வட்டாரச் சாயல் இல்லாமல் பேசவும் பழகுங்கள். சீரியலில் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

2. வேலையை விடாதீர்கள், ஒரு வருடத்துக் காசை ஒதுக்குங்கள்

சேலத்திலிருந்து கிளம்பிச் சென்னை சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கி வாய்ப்புத் தேடிய நான்கு பேரை எனக்குத் தெரியும். மூவர் எட்டு மாதத்துக்குள் கடனோடு திரும்பினார்கள். குணச்சித்திர வேடம் மாதத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வரும். சில மாதம் வராது. அந்த இரண்டு நாளுக்காக முப்பது நாள் வாடகை கட்டுவது நமக்குக் கட்டுப்படியாகாது.

என் முதல் வருடச் செலவை அப்படியே தருகிறேன். புகைப்படம் 3,500. ஒரு நடிப்புப் பயிற்சி முகாம் 6,000. துணிமணி 4,000. சென்னைக்குப் பதினோரு முறை போய்வந்தேன்; ஒரு நடைக்குச் சராசரி 1,400 வீதம் 15,400. மொத்தம் 28,900 ரூபாய். ஏமாந்த 40,000 தனி. அந்த வருடம் நடித்துச் சம்பாதித்தது ஆறு நாளுக்கு 9,000. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பயம் வந்தால் ஒன்றும் தப்பில்லை, நிதானமாக யோசியுங்கள். முப்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியும், அது போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால் கிளம்புங்கள். நகையை அடகு வைத்துக் கிளம்பாதீர்கள்.

அரசு வேலையில் இருப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு நடிக்குமுன் துறையிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். சீரியலில் முகம் தெரிந்த பிறகு விளக்கம் எழுதுவதைவிட இது நல்லது. அனுமதி வர மாதங்கள் ஆகலாம்; அதனால் வாய்ப்பு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

3. முதலில் இங்கேயே மேடை ஏறுங்கள்

கேமரா முன் நிற்கும் பயம் வீட்டுக் கண்ணாடியில் போகாது. ஆட்கள் முன் நின்றால்தான் போகும்.

சேலம், மேட்டூர், தர்மபுரிப் பக்கம் தெருக்கூத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. ஊர்த் திருவிழாக் காலத்தில் விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். குறிப்பாகக் கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளி, கட்டியங்காரனைப் பாருங்கள். தூங்கி வழியும் கூட்டத்தை அதிகாலை மூன்று மணிக்கு ஒரு வரியில் எழுப்பி உட்கார வைக்கிறாரே, அந்த நேரக் கணக்கைக் கற்றுக்கொடுக்க எந்த வகுப்பாலும் முடியாது. ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஒரு வாத்தியாரை அணுகி, சின்ன வேடத்துக்கோ பின்பாட்டுக்கோ சேர முடியுமா என்று கேளுங்கள். கூத்தில் பழகியவர்களுக்குக் குரல் எட்டும். ஆனால் ஒன்று, கேமராவுக்கு அந்தக் குரலையும் கையசைவையும் பாதியாகக் குறைக்க வேண்டும். நான் வீதி நாடகப் பழக்கத்தில் முதல் டேக்கில் கத்தி, ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

சேலத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருக்கிறது. நாட்டுப்புறக் கலை செய்பவர்கள் அங்கே போய், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்வது பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நேரு கலையரங்கத்திலும் கல்லூரிகளிலும் நாடகம் நடக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பேசுங்கள். குழுக்களில் வயதான வேடத்துக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. இருபது வயதுப் பையனுக்கு மாவு பூசித் தாத்தா ஆக்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போனால் அவர்களுக்கும் நிம்மதி.

முறையாகப் படிக்க வயதும் வசதியும் இருந்தால் வழிகள் உண்டு. புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகக் கலையில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்குப் பட்டமும் மேடை அனுபவமும் கேட்பார்கள், வயது வரம்பும் உண்டு. அதன் பெங்களூர் மையம் சேலத்திலிருந்து ரயிலில் நான்கைந்து மணி நேரத் தூரம். அங்கே ஓராண்டுப் பயிற்சி நடக்கிறது. சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் இருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்ற நடிகர்கள் வந்தார்கள். தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தால் நடிகராகலாம் என்று பலர் கேட்கிறார்கள். அங்கே ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, அனிமேஷன் மாதிரியான பட்டப்படிப்புகள்தான். நடிப்புக்குத் தனிப் படிப்பு கிடையாது. ஆனால் அங்கே படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காகக் குறும்படம் எடுப்பார்கள். அதில் நடிக்க ஆள் வேண்டும். கற்றுக்கொள்ளவும் காட்சி சேர்க்கவும் நல்ல இடம் அது.

"மூன்று வாரத்தில் நடிகர், சான்றிதழ் உண்டு" என்ற விளம்பரத்தை விட்டுவிடுங்கள். வேடம் தருகிறவர் யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை.

4. ஆறு படம், ஒரு நிமிட வீடியோ

கல்யாண ஆல்பம் மாதிரி எடுக்கச் சொல்லாதீர்கள். ஸ்டுடியோவில் முகத்தை வழவழப்பாக்கித்தான் தருவார்கள். "ஒன்றும் திருத்த வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டியது ஆறு: நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம், முழு உருவம், வேட்டியில் அல்லது சேலையில் ஒன்று, நீங்கள் எழுதிய ஐந்து வேடங்களில் ஏதாவது ஒன்றின் உடையில் ஒன்று. வெற்றுச் சுவர், பகல் வெளிச்சம், கூலிங் கிளாஸ் கூடாது. நான் நாலு ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் 3,500 கொடுத்து எடுத்தேன். போன வருடம் புதுப்பித்தபோது அக்கா மகள் மொட்டை மாடியில் ஃபோனிலேயே எடுத்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், எடை கூடினாலோ தாடி மீசை மாறினாலோ உடனேயும் புதிதாக எடுங்கள்.

வீடியோவில் முதல் பத்து நொடி அறிமுகம்: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழி, தெரிந்த வேலை. தெரிந்த வேலையைக் கட்டாயம் சொல்லுங்கள். புல்லட் ஓட்டுவேன், தறி நெய்வேன், மாடு கறப்பேன், தெலுங்கு பேசுவேன், பறை அடிப்பேன் என்பதெல்லாம் வேடம் வாங்கித் தரும். எனக்கு வந்த முதல் வேடம் தையல் மெஷின் மிதிக்கத் தெரியும் என்று சொன்னதால் வந்தது. அடுத்த ஐம்பது நொடி ஒரே ஒரு சின்னக் காட்சி. பிரபலமான சினிமா வசனத்தைப் பேசாதீர்கள். கேட்பவர் மனதில் அந்த நடிகர் வந்து நின்றுவிடுவார். நீங்கள் பார்த்த ஒருவரை, பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போட்டவரையோ கடன் கேட்க வந்து கேட்காமலே திரும்பியவரையோ, நீங்களே எழுதி நடியுங்கள்.

ஃபைலுக்கு உங்கள் பெயர், வயது, சேலம் என்று பெயர் வையுங்கள். உதவி இயக்குநரின் ஃபோனில் பெயரில்லாத வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

5. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் கவரில் இவை எப்போதும் தயாராக இருக்கட்டும்: ஆதார் நகல், பான் கார்டு நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம், ரத்த வகை எழுதிய சீட்டு, வீட்டில் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண்.

ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எனக்கு ஆதாரில் கணவர் பெயரும், பானில் அப்பா இனிஷியலும் இருந்தன. ஒரு சீரியல் கம்பெனியில் ஐந்து நாள் சம்பளம் இதனாலேயே இரண்டு மாதம் நின்றது. திருத்தச் செலவு சில நூறு ரூபாய்தான். போன நாட்கள்தான் அதிகம்.

ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் மேல் குறுக்கே "இன்ன கம்பெனிக்கு, படப்பிடிப்புச் சம்பளத்துக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். ஆடிஷனுக்கும் ஓடிபிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வங்கியில் பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். ராத்திரிப் பயணமும் மலைப்பாதையும் இந்தத் தொழிலோடு ஒட்டியவை.

சங்க உறுப்பினர் அட்டை இல்லாமல் எதுவும் நடக்காது என்று யாராவது அவசரப்படுத்தினால் பொறுத்திருங்கள். சினிமாவுக்கு நடிகர் சங்கம், சீரியலுக்குச் சின்னத்திரை நடிகர் சங்கம் என்று தனித்தனி. நடிக்க ஆரம்பித்து, வேலை தொடர்ந்து வரும்போது, நேராகச் சங்க அலுவலகத்துக்கே போய் விதியையும் கட்டணத்தையும் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு சேருங்கள். இடையில் ஆள் வைக்காதீர்கள்.

குழந்தையை நடிக்க வைக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில்லாமலும் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

6. யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

இயக்குநரைப் பார்க்கக் காத்திருந்து நாளைக் கழிக்காதீர்கள். சின்ன வேடங்களுக்கு ஆள் பிடிப்பவர் கோ-டைரக்டர், அசோசியேட், சில படங்களில் காஸ்டிங் டைரக்டர். சீரியலில் அவர்களோடு புரொடக்‌ஷன் மேனேஜரும். வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம், இந்த வட்டத்துக்குள் பெரும்பாலான அலுவலகங்கள் இருக்கின்றன.

என் முறை இதுதான். ராத்திரி சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியுமுன் சென்ட்ரல். ஸ்லீப்பர் டிக்கெட் 300 ரூபாய்க்குள் அடங்கும். பெண்கள் காத்திருப்பு அறையில் குளித்து மாற்றிக்கொண்டு, மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் வடபழனி. பேருந்தில் போனால் இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து வடபழனி போய்ச்சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்குமேல் அலுவலகம் அலுவலகமாகப் போவேன். ஒரு நாளில் ஐந்து இடம், அதற்குமேல் முடியாது. அன்றைக்கு ராத்திரியே ரயில். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அலுவலகத்தில் பேச வேண்டியது மூன்று வரி. பெயர், ஊர், என்ன வேடத்துக்குப் பொருந்துவேன். படத்தைக் கொடுங்கள், எண்ணை வாங்குங்கள், கிளம்புங்கள். சாயங்காலம் வீடியோவை வாட்ஸப்பில் அனுப்புங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஒரே ஒரு செய்தி போதும். தினமும் "குட் மார்னிங்" அனுப்புகிறவர்களைத் தடை செய்துவிடுகிறார்கள்.

காலம் பார்த்துப் போங்கள். ஆடியில் புதுப்படத்துக்குப் பூஜை போடுவது குறைவு, மார்கழியும் அப்படியே. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போதும், தை பிறந்ததும் புது வேலைகள் கிளம்பும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால்தான் ஆள் தேடுவார்கள். சீரியலுக்குக் காலம் கிடையாது, வருடம் முழுக்கத் தேடுகிறார்கள்.

சென்னைக்குப் போகாமலும் ஒரு வழி இருக்கிறது. ஏற்காட்டில் படப்பிடிப்பு வந்துகொண்டே இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சென்னையிலிருந்து எல்லா ஆட்களையும் கூட்டி வருவது அவர்களுக்குச் செலவு. எஸ்டேட் ஆள், கடைக்காரர், வார்டன், போலீஸ்காரர் மாதிரி வேடங்களுக்கு இங்கேயே ஆள் கிடைத்தால் எடுத்துக்கொள்வார்கள். ஏற்காட்டில் லாட்ஜ் வைத்திருப்பவர், வேன் வாடகைக்கு விடுபவர், சமையல் ஆள் அனுப்புபவர், இவர்களுக்குத்தான் யூனிட் வருவது முதலில் தெரியும். என் முதல் படவேடம் ஒரு வேன் டிரைவர் தம்பி சொல்லி வந்தது. மலை ஏறுவதற்கு முன் சாலையோரத்தில், நம் ஊரில் அந்தக் காலத்தில் இருந்த சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு நிற்கிறதே, அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு காலத்தில் நடிக்க ஆசைப்பட்டவர்கள் சென்னையிலிருந்து நம் ஊருக்கு வந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. "கூட்டத்தில் நில்லுங்கள், அடுத்ததில் வேடம் தருகிறோம்" என்பார்கள். கூட்டத்தில் நிற்பது மரியாதையான வேலைதான், அதற்கு ஆட்கள் ஏஜெண்டுகள் மூலம் வருகிறார்கள். ஆனால் ஒரே படத்தில் கூட்டத்தில் தெரிந்த முகத்துக்கு அதே படத்தில் வசனம் தரமாட்டார்கள். எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே தெளிவாகக் கேளுங்கள்.

7. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். என் 40,000 போனது இப்படித்தான். சேலத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் ஆடிஷன் என்று விளம்பரம். முதல் நாள் இலவசம். எண்பது பேர் வந்திருந்தோம். இரண்டு நாள் கழித்து, "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், கதாநாயகியின் அம்மா வேடம்" என்று அழைத்தார்கள். பதிவுக்கு 5,000 கேட்டார்கள். பிறகு போர்ட்ஃபோலியோ என்ற புகைப்படத் தொகுப்புக்கு 15,000. பிறகு சங்க அட்டைக்கு 20,000. ஒவ்வொரு தடவையும் முன்பு கொடுத்தது வீணாகிவிடுமே என்ற நினைப்பில்தான் அடுத்ததைக் கொடுத்தேன். நான்காவது முறை, உடை டெபாசிட் என்று கேட்டபோது கையில் இல்லை. அத்தோடு அந்த எண் எடுக்கப்படவில்லை. பிறகு விசாரித்ததில் என்னோடு இன்னும் பதினான்கு பேர் கட்டியிருந்தார்கள். தறிக்காரர்கள், ஒரு காய்கறிக்காரம்மா, படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள். அந்தக் காய்கறிக்காரம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

நடிப்பவருக்குக் கம்பெனிதான் பணம் தர வேண்டும். பதிவு, ஆடிஷன், காஸ்ட்யூம், இன்சூரன்ஸ், படம் போடுவது என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேடம் இல்லாத கம்பெனி. முதல் ஐந்நூறிலேயே நின்றுவிடுங்கள். ஆன்லைனில் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. நான் வெட்கப்பட்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த மூன்று வாரத்தில்தான் எல்லாம் கைவிட்டுப் போனது.

பெண்கள் கவனத்துக்கு: அறைக்கு ஆடிஷனுக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். அலுவலகத்தில், பகலில், துணையோடு. துணையோடு வருவேன் என்று முன்பே சொல்லுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் புகார்க் குழு இருக்கிறது. நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு 181.

8. அழைப்பு வந்ததும்

பெரும்பாலும் முந்தின நாள் மத்தியானம் கூப்பிடுவார்கள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஸ்பாட்ல இருக்கணும்" என்று. சந்தோஷத்தில் சரி சொல்லுமுன் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, தங்க இடம் உண்டா, டப்பிங்குக்குத் தனியாக உண்டா, பணம் எப்போது. ஃபோனை வைத்ததும் அதையே வாட்ஸப்பில் நான்கு வரியாக எழுதி, "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். சின்ன வேடங்களுக்கு ஒப்பந்தப் பத்திரம் போடுவது அரிது. அந்தச் செய்திக்கு வரும் "ஓகே"தான் உங்கள் ஒப்பந்தம். சேலத்துக்காரர் என்றால் பயணச் செலவைப் பேசாமல் விட்டுவிடுவார்கள், நீங்கள்தான் எடுத்துப் பேச வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் நாளுக்கு 1,500 தந்தார்கள். இப்போது சீரியலில் 3,000 வாங்குகிறேன்.

ரயில் தட்கல் டிக்கெட் ஸ்லீப்பருக்கு, ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். அழைப்பு அதற்குப் பின்தான் வரும் என்பதால் பெரும்பாலும் உதவாது. இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் உதவும். ஆன்லைனில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடித்திருக்க வேண்டும். அதை இப்போதே செய்து வையுங்கள்.

சீரியலுக்குச் சின்ன வேடக்காரர்கள் பெரும்பாலும் சொந்த உடைதான் கொண்டுபோக வேண்டும். வெள்ளை, நெருக்கமான கோடு, பொடிக் கட்டம், பளபளக்கும் ஜரிகை வேண்டாம், கேமராவில் உறுத்தும். மங்கலான ஒற்றை நிறத்தில் மூன்று ஜோடி, சட்டையானாலும் சேலையானாலும், தேய்த்து எடுத்துப் போங்கள்.

9. ஸ்பாட்டில்

போய்ச் சேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியவர் காஸ்டிங் செய்த உதவி இயக்குநர். வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு கண் பார்வையில் இருங்கள். காலை ஏழுக்குப் போய் மாலை நான்குக்கு முதல் ஷாட் வைத்த நாட்கள் எனக்கு உண்டு. அந்த நேரத்தில் செல்ஃபி எடுப்பதோ பெரிய நடிகர்களிடம் வாய்ப்புக் கேட்பதோ கூடாது.

சீரியலில் வசனப் பேப்பர் அப்போதுதான் கைக்கு வரும். உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுப்பார், ப்ராம்ப்ட் என்பார்கள். அவர் சொல்லி முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பேசப் பழகுங்கள். வீட்டில் பிள்ளைகளை நாளிதழ் வாசிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டுப் பேசிப் பார்த்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

கண்டினியுட்டி பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒரு காட்சியின் பாதி இன்றைக்கும் மீதி இருபது நாள் கழித்தும் எடுப்பார்கள். அதுவரை முடி, மீசை, நகம், வளையல், தோடு எதையும் மாற்றக்கூடாது. முதல் ஷெட்யூலில், அதாவது முதல் கட்டப் படப்பிடிப்பில், நான் ஏழு கல் மூக்குத்தி போட்டிருந்தேன். இடையில் என் பிறந்தநாளுக்கு மகள் ஒற்றைக் கல் மூக்குத்தி வாங்கித் தந்தாள். ஆசையாகப் போட்டுக்கொண்டு, பழையதை அதிலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டோம். இரண்டாவது ஷெட்யூலில் க்ளோஸ்-அப் வைத்தபோதுதான் பார்த்தார்கள். மூன்று நிமிடக் காட்சி படத்தில் இருபது நொடியானது. நான் அழுத இடம் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் உங்கள் உருவத்தை நான்கு பக்கமும் ஃபோனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்யூல் முடிந்ததும், "என் பகுதி இன்னும் பாக்கி உண்டா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். திருப்பதி, பழனி மொட்டை வேண்டுதல் இருந்தால் அதற்குப் பிறகுதான்.

10. டப்பிங், வவுச்சர், வரி

படம் என்றால் நடித்து மாதங்கள் கழித்து டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள். "ஊரிலிருந்து வர முடியாதே, வேறு குரல் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகத்தில் பாதிதான் நடிப்பு, மீதி குரலில் இருக்கிறது. சொந்தக் காசில் என்றாலும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். எம். எஸ். பாஸ்கர் போன்றவர்களின் குரல் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தால் ஏன் சொல்கிறேன் என்பது தெரியும்.

பணம் தரும்போது வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகை எழுதாத வவுச்சரிலோ, பணம் கைக்கு வருமுன்போ கையெழுத்திட வேண்டாம். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டச் சொல்வார்கள், அது சரிதான். கையெழுத்துப் போட்டதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேனேஜருக்கு மரியாதையாக நினைவூட்டுங்கள், சண்டை போடாதீர்கள். ஒளிபரப்பு அல்லது ரிலீஸ் முடிந்த பிறகு வசூலிப்பது கடினம். டப்பிங் நாள்தான் நல்ல நேரம். பாக்கியை வாங்கிக்கொண்டு மைக் முன் நிற்கலாம்.

வங்கி வழியாக வரும் பணத்தில் 10 சதவீதம் வரி பிடித்துத் தருவது உண்டு. பான் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். எனக்கு ஒரு சீரியலில் 18,000-க்கு 1,800 பிடித்தார்கள். அது போனது என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து முழுவதும் திரும்ப வாங்கலாம். வருமான வரித் தளத்தில் உங்கள் பானுக்கு எதிரே அந்தத் தொகை பதிவாகியிருக்கிறதா என்று ஜூன் மாதம் பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி கணக்காளரிடம் கேளுங்கள். ஜூலைக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ஆடிட்டருக்கு நான் 800 கொடுக்கிறேன். ரயில் டிக்கெட், துணி ரசீது, புகைப்பட ரசீது எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அவருக்கு உதவும்.

உங்கள் காட்சி ஒளிபரப்பான அன்றே அதை வெட்டி எடுத்து வையுங்கள், இருபது நொடி இருந்தாலும் சரி. நான்காம் படியில் எடுத்தீர்களே ஒரு வீடியோ, அதில் நீங்களே எழுதி நடித்த பகுதியை எடுத்துவிட்டு இதைச் சேருங்கள். அறிமுகம் அப்படியே இருக்கட்டும். அலுவலகங்களில் வாங்கி வைத்திருக்கும் எல்லா எண்ணுக்கும் அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள்.